முட்டி வலிக்கு 'சத்து மாத்திரை'யா? ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் உஷார்!

முட்டி வலி வந்தால் மெடிக்கல் ஷாப்புக்கு போய் ஒரு டப்பா 'சத்து மாத்திரை' வாங்கி சாப்பிடுவது இப்போது சகஜமாகி விட்டது. சாதாரண ஆட்களுக்கு இதனால் பெரிய கெடுதல் வருவதில்லை. ஆனால் இதயத்தில் வால்வு வைத்தவர்கள், ரத்தக்கட்டிக்கு சிகிச்சை பெறுபவர்கள் இதை டாக்டரை கேட்காமல் சாப்பிட்டால் உயிருக்கே உலை வைத்து விடும் ஆபத்து இருக்கிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மெடிக்கல் ஷாப்பில் தினமும் நடக்கும் காட்சி

எந்த ஊர் கடைவீதியிலும் இந்த காட்சியை பார்க்கலாம். 55 வயது அம்மா ஒருவர் முட்டியை பிடித்துக்கொண்டு மெடிக்கல் ஷாப் படியேறுவார்.

"தம்பி, முட்டி வலி தாங்கலப்பா. உட்கார்ந்தா எந்திரிக்க முடியல. ஏதாச்சும் நல்ல மாத்திரையா குடு" என்பார்.

"இதை ஒரு மாசம் சாப்பிட்டு பாருங்கம்மா. வலி மாத்திரை இல்ல, தேய்மானத்துக்கு சத்து மாத்திரை. சைடு எபெக்ட் எல்லாம் கிடையாது" என்று பதில் வரும்.

அந்த அம்மா வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கடைக்காரர் கேட்க மாட்டார். இந்த அம்மாவும் சொல்ல மாட்டார். 'சத்து மாத்திரைதானே, அதை எதுக்கு பெரிய டாக்டர்கிட்ட சொல்லணும்' என்ற நினைப்புதான் காரணம். ஆபத்து ஆரம்பிப்பதே இந்த இடத்தில்தான்.

யார் யாருக்கு இந்த மருந்து?

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை மக்கள் 'ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரை', 'வால்வு மாத்திரை' என்று சொல்கிறார்கள். உண்மையில் இது ரத்தத்தில் தண்ணீர் சேர்ப்பது கிடையாது. ரத்தம் கட்டியாவதை தாமதப்படுத்துகிறது. அவ்வளவுதான்.

வார்பரின், அசினோகூமரால் ஆகிய 2 மருந்துகள்தான் இதில் பழையவை. நம்ம ஊரில் அதிகம் பேர் சாப்பிடும் 'அசிட்ரோம்' மாத்திரையில் இருப்பது அசினோகூமரால்.

இதயத்தில் உலோக வால்வு வைத்தவர்கள் ஆயுள் முழுக்க இதை சாப்பிட வேண்டும். இதயம் தாறுமாறாக துடிக்கும் நோய் உள்ளவர்கள், கால் நரம்பில் ரத்தம் கட்டியானவர்கள், அந்த கட்டி நுரையீரலுக்கு போய் அடைத்தவர்கள் ஆகியோருக்கும் டாக்டர்கள் இந்தவகை மாத்திரை கொடுக்கிறார்கள். முட்டி மாற்று ஆபரேஷன் செய்தவர்களுக்கும் காலில் ரத்தம் கட்டாமல் இருக்க சில வாரங்களுக்கு உறைவு தடுப்பு மருந்து தரப்படுகிறது.

முட்டியும் இதயமும் ஒரே ஆளுக்கு!

முட்டி வலியும், வால்வு மாத்திரையும் ஒரே ஆளுக்கு அமைவது நம் நாட்டில் ஆச்சரியமே இல்லை.

சின்ன வயதில் தொண்டை புண் வந்து, அதை சரியாக கவனிக்காமல் விட்டால் சில குழந்தைகளுக்கு 'ருமாட்டிக் காய்ச்சல்' வரும். முதலில் கை, கால் மூட்டுகள் மாறி மாறி வீங்கும். சில வாரத்தில் வீக்கம் வடிந்து விடும். ஆனால் உள்ளுக்குள் இதய வால்வு பழுதாக ஆரம்பிக்கும். 'இந்த நோய் மூட்டை நக்கும், இதயத்தை கடிக்கும்' என்று மருத்துவ மாணவர்களுக்கு சொல்லித் தருவார்கள்.

அப்படி வால்வு கெட்டுப்போனவர்களுக்கு இளம் வயதிலேயே செயற்கை வால்வு வைக்கப்படுகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிலையத்தில் உருவான இந்திய வால்வு 1990-ம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் முறையாக நோயாளிக்கு பொருத்தப்பட்டது. அதன்பிறகு ஏழை, எளியவர்கள் பலருக்கு வால்வு கிடைத்தது.

இப்படி 25, 30 வயதில் வால்வு வைத்தவர்கள் இன்றைக்கு 50, 60 வயதை தாண்டி நடமாடுகிறார்கள். அந்த வயதில் எல்லோருக்கும் வருகிற முட்டி தேய்மானம் அவர்களுக்கும் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன 'சத்து மாத்திரை' அவர்கள் வீட்டுக்குள்ளும் வருகிறது.

செத்த மாடும் பால் கேன் ரத்தமும்

வார்பரின் மருந்து கண்டுபிடிக்கப்பட்ட கதையை கேட்டால் இதன் வீரியம் புரியும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1933-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு விவசாயி கொட்டும் பனியில் சுமார் 300 கிலோமீட்டர் லாரி ஓட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தார். லாரியில் செத்த மாடு ஒன்று கிடந்தது. கூடவே ஒரு பால் கேன் நிறைய மாட்டு ரத்தம். அந்த ரத்தம் கொஞ்சம்கூட உறையாமல் தண்ணீர் மாதிரி இருந்தது.

அங்கு இருந்த விஞ்ஞானி கார்ல் பால் லிங்க் இதை ஆராய்ந்தார். பூஞ்சை பிடித்து கெட்டுப்போன தீவனப்புல்லை தின்ற மாடுகள்தான் ரத்தம் நிற்காமல் செத்தன என்பது ஏற்கனவே தெரிந்த விஷயம். அந்த புல்லில் இருந்த பொருளை அவரது குழுவினர் பல ஆண்டு பாடுபட்டு பிரித்து எடுத்தனர். அதை வைத்து செய்த வார்பரின் 1948-ம் ஆண்டு எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-ம் ஆண்டு மனிதர்களுக்கு மருந்தாக அனுமதி கிடைத்தது. 1955-ம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் இதே மருந்து கொடுக்கப்பட்டது.

அளவு சரியாக இருந்தால் உயிர் காக்கும் மருந்து. அளவு மீறினால் எலியை கொன்ற அதே வேலையை செய்யும்.

சைக்கிள் பிரேக் மாதிரி

நம் கல்லீரல், வைட்டமின் கே என்ற சத்தை வைத்து ரத்தத்தை உறைய வைக்கும் பொருட்களை தயாரிக்கிறது. வார்பரினும் அசினோகூமராலும் இந்த வைட்டமின் கே மறுபடி மறுபடி பயன்படாமல் தடுத்து விடும். அதனால் ரத்தம் உறைய கூடுதல் நேரம் ஆகும்.

சைக்கிள் பிரேக்கை யோசித்துப் பாருங்கள். ஒயரை ரொம்ப முறுக்கினால் சக்கரமே சுற்றாது. ரொம்ப தளர்த்தினால் வண்டி நிற்காமல் எங்காவது மோதும். நடுவில் சரியாக வைக்க வேண்டும். இந்த மாத்திரையும் அப்படித்தான்.

அது சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் 'பி.டி. ஐ.என்.ஆர்.' என்ற ரத்த பரிசோதனை. மாத்திரை சாப்பிடாத ஆளுக்கு இந்த எண் சுமார் 1 இருக்கும். மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு பொதுவாக 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். சிலவகை வால்வுகளுக்கு 2.5 முதல் 3.5 வரை டாக்டர் வைப்பார்.

எண் 2-க்கு கீழே இறங்கினால் வால்வில் ரத்தம் கட்டியாகி மூளைக்கு போய் பக்கவாதம் வரலாம். வால்வே இறுகி நின்று போகலாம். எண் 4, 5 என்று மேலே ஏறினால் மூளையிலோ, குடலிலோ ரத்தம் கசியும் ஆபத்து கிடுகிடுவென உயரும்.

இதனால்தான் 'ஒருநாள் 2 மில்லி, மறுநாள் 3 மில்லி' என்றும், 'அரை மாத்திரை, கால் மாத்திரை' என்றும் டாக்டர்கள் அளந்து அளந்து எழுதுகிறார்கள். இப்படி பார்த்து பார்த்து வைத்த கணக்கில், வெளியில் இருந்து ஒரு புது மாத்திரை உள்ளே புகுந்தால் என்ன ஆகும்?

குளுக்கோசமைன் செய்த வேலை

முட்டி சத்து மாத்திரைகளில் முக்கியமாக இருப்பது குளுக்கோசமைன், கோண்ட்ராய்டின் ஆகிய 2 பொருட்கள்.

குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டில் இருந்து எடுக்கப்படுகிறது. கோண்ட்ராய்டின் மாடு, சுறா போன்றவற்றின் குருத்தெலும்பில் இருந்து எடுக்கப்படுகிறது. ஆஸ்பத்திரியில் ரத்தம் உறையாமல் இருக்க 'ஹெபாரின்' என்று ஊசி போடுவார்களே, அதற்கு கோண்ட்ராய்டின் அமைப்பில் தூரத்து சொந்தம்.

வார்பரின் சாப்பிடுபவர்கள் இந்த மாத்திரையையும் சேர்த்து சாப்பிட்டபோது ஐ.என்.ஆர். எண் எகிறிய சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகி உள்ளன.

2008-ம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 71 வயது முதியவர் பற்றிய விவரம் வெளியானது. அவர் வார்பரினுடன் சேர்த்து, குளுக்கோசமைன் 500 மில்லி கிராம், கோண்ட்ராய்டின் 400 மில்லி கிராம் கலந்த மாத்திரையை தினமும் 2 வேளை சாப்பிட்டு வந்தார். அதுவரை பிரச்சினை இல்லை. பிறகு அளவை 3 மடங்காக கூட்டினார். அதன்பிறகு அவரது ஐ.என்.ஆர். எண் ஏறிவிட்டது.

அதே கட்டுரையில் இன்னொரு தகவலும் இருந்தது. இதேபோல உறைவு கணக்கு மாறியதாக அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பிடம் 20 புகார்கள் பதிவாகி இருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் பதிவில் 21 பேருக்கு ஐ.என்.ஆர். கூடியதாக இருந்தது. அதில் 17 பேருக்கு குளுக்கோசமைனை நிறுத்தியதும் எண் பழைய நிலைக்கு வந்து விட்டது.

இதற்கு முன்பே, 2006-ம் ஆண்டில் இங்கிலாந்து மருந்து பாதுகாப்பு அதிகாரிகள் 'வார்பரின் சாப்பிடுபவர்கள் குளுக்கோசமைனை தவிர்ப்பது நல்லது' என்று எச்சரிக்கை விடுத்தனர்.

சாப்பிட்ட எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று அர்த்தம் இல்லை. பலருக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி கிடையாது. ரத்த பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

மஞ்சள் கேப்ஸ்யூலிலும் சிக்கல்

'மஞ்சள்தானே, தினமும் குழம்பில் போடுறோம், அது என்ன பண்ணும்?' என்று கேட்பவர்கள் உண்டு.

குழம்பில் போடும் மஞ்சளுக்கு பயப்பட வேண்டாம். ஒரு சிட்டிகை மஞ்சளில் குர்குமின் என்ற பொருள் கொஞ்சம்தான் இருக்கிறது. ஆனால் மூட்டு வலிக்கு விற்கும் கேப்ஸ்யூலில் அந்த குர்குமினை மட்டும் தனியே பிரித்து நூற்றுக்கணக்கான மில்லி கிராம் அடைத்து வைக்கிறார்கள். உடம்பு அதை நன்றாக இழுத்துக்கொள்ள மிளகு சாறும் சேர்க்கிறார்கள். இது சமையல் மஞ்சள் கிடையாது.

நியூசிலாந்தில் வார்பரின் சாப்பிட்டு வந்த ஒருவர் மஞ்சள் கலந்த இப்படிப்பட்ட மாத்திரையை சாப்பிட ஆரம்பித்தார். சில வாரங்களில் அவரது ஐ.என்.ஆர். எண் 10-ஐ தாண்டியது. 3-க்குள் இருக்க வேண்டியது 10-க்கு மேல் போனது அதிகாரிகளை அதிர வைத்தது. இதையடுத்து அந்நாட்டு மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ம் ஆண்டு பொதுமக்களுக்கும், டாக்டர்களுக்கும் எச்சரிக்கை வெளியிட்டது.

மூட்டுக்கு என்று விற்கும் மீன் எண்ணெய் கேப்ஸ்யூல், பாஸ்வெல்லியா என்ற மரப்பிசின் மாத்திரை, இஞ்சி, பூண்டு சாறு அடைத்த கேப்ஸ்யூல் ஆகியவற்றையும் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பிடக்கூடாது. மீன் எண்ணெய் அளவு அதிகமானால் ரத்த தட்டுகள் ஒட்டுவது குறையும்.

எலும்பு மாத்திரையில் எதிர் ஆபத்து

இதுவரை சொன்னது ரத்தம் கசியும் ஆபத்து. இதற்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கிறது. இது பலருக்கு தெரியாது.

எலும்பு பலத்துக்கு என்று விற்கும் கால்சியம் மாத்திரைகள் சிலவற்றில் வைட்டமின் டி-யுடன் 'வைட்டமின் கே2-7' என்ற பொருளும் சேர்க்கப்படுகிறது. டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இது இருக்கும்.

வால்வு மாத்திரை எந்த வைட்டமின் கே-யை தடுக்கிறதோ, அதையே இந்த எலும்பு மாத்திரை மறுபக்கம் ஊற்றிக் கொடுக்கிறது. விளைவு, ஐ.என்.ஆர். எண் சத்தமில்லாமல் இறங்கி விடும். வலி தெரியாது, ரத்தம் வராது. வால்வில் கட்டி உருவாவது மட்டும் நடக்கும். ஒருநாள் காலையில் திடீரென வாய் கோணி, கை விழுந்த பிறகுதான் தெரிய வரும்.

முருங்கைக்கீரை போன்ற கீரைகளிலும் வைட்டமின் கே நிறைய உண்டு. அதற்காக கீரையே சாப்பிடக்கூடாது என்பது இல்லை. வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக சாப்பிட வேண்டும். ஒரு மாதம் கீரையை தொடாமல், அடுத்த மாதம் தினமும் சாப்பிட்டால்தான் கணக்கு உதைக்கும்.

வலி மாத்திரை இதை விட மோசம்

சத்து மாத்திரை ஒரு பக்கம் என்றால், கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை அதைவிட பெரிய வில்லன்.

டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுபுரோபென் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றில் புண் உண்டாக்கும். ரத்த தட்டுகள் ஒட்டுவதையும் குறைக்கும். ஏற்கனவே ரத்தம் உறையாத ஆளுக்கு வயிற்றில் புண்ணும் வந்தால் ரத்தம் எப்படி நிற்கும்?

மூட்டு வலிக்கு என்று பொட்டலம் கட்டி தரும் பெயர் தெரியாத பொடிகள், மாத்திரைகள் சிலவற்றில் ஸ்டீராய்டும், வலி மருந்தும் கலந்து பிடிபட்டு இருக்கின்றன. 'ரெண்டே நாள்ல வலி பறந்துடுச்சு' என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பாராசிட்டமால்தான் இவர்களுக்கு மற்ற வலி மாத்திரைகளை விட பாதுகாப்பானது. அதிலும் அளவு உண்டு. தினமும் 500 மில்லி கிராம் மாத்திரை 4-க்கு மேல் நாள்கணக்கில் சாப்பிட்டால் அதுவும் ஐ.என்.ஆர். எண்ணை ஏற்றி விடும்.

இடுப்பில் போடும் வலி ஊசியும் கூடாது. ஊசி குத்திய இடத்தில் சதைக்குள் ரத்தம் கட்டி வீங்கும். மூட்டை பிடித்து முறுக்கி, அழுத்தி நீவி விடுவதும் இப்படியே ஆபத்து.

புது மாத்திரை என்றால் பயம் இல்லையா?

டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் என்று புதுவகை உறைவு தடுப்பு மாத்திரைகளும் இப்போது கிடைக்கின்றன. இவற்றுக்கு அடிக்கடி பி.டி. பரிசோதனை தேவையில்லை. கீரை கட்டுப்பாடும் கிடையாது. ஆனால் உலோக வால்வு வைத்தவர்களுக்கு இவை ஆகாது.

பரிசோதனை இல்லை என்பது வசதிதான். அதேநேரம் வேறு மாத்திரையால் ரத்தம் அளவுக்கு மீறி இளகினாலும் எச்சரிக்க எண் கிடையாது. ரத்தம் வந்த பிறகுதான் தெரியும். எனவே இவர்களும் வலி மாத்திரை, மஞ்சள் கேப்ஸ்யூல், மீன் எண்ணெய் போன்றவற்றை கேட்காமல் தொடக்கூடாது.

மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

இவ்வளவு ரிஸ்க் எடுத்து பலன் உண்டா?

அமெரிக்க அரசு செலவில் முட்டி தேய்மானம் உள்ள 1,583 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2006-ம் ஆண்டு வெளியானது. குளுக்கோசமைன், கோண்ட்ராய்டின் சாப்பிட்டவர்களுக்கும், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வலி குறைந்ததில் மொத்தத்தில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. வலி அதிகம் இருந்த ஒரு சிறு பிரிவினருக்கு மட்டும் இரண்டையும் சேர்த்து சாப்பிட்டதில் ஓரளவு பலன் தெரிந்தது.

மாதா மாதம் பல நூறு ரூபாய் செலவு. பலன் சந்தேகம். வால்வு வைத்தவருக்கு கூடவே உயிர் பயமும் என்றால் கணக்கு பார்க்க வேண்டாமா?

செலவே இல்லாத வைத்தியமும் இருக்கிறது. உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், நடக்கும்போது முட்டி மீது விழும் சுமை ஒவ்வொரு அடிக்கும் சுமார் 4 கிலோ குறைகிறது. தொடை சதையை பலப்படுத்தும் பயிற்சியை அரசு ஆஸ்பத்திரி பிசியோதெரபி பிரிவில் கேட்டால் சொல்லித் தருவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, சில வினாடி நிறுத்தி இறக்குவது போன்ற எளிய பயிற்சிகள்தான்.

டப்பாவின் பின்பக்கம் படியுங்கள்

சத்து மாத்திரைகள் நம் நாட்டில் பெரும்பாலும் 'உணவு' என்ற கணக்கில் விற்கப்படுகின்றன. அதனால் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கும். உணவு பாதுகாப்பு ஆணையத்தின் 2016-ம் ஆண்டு விதிகளின்படி இப்படிப்பட்ட டப்பாக்களில் 'மருத்துவ பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சடிக்க வேண்டும்.

மூட்டு வலிக்கு என்று சொல்லி விற்கும் டப்பாவிலேயே 'மருத்துவத்துக்கு அல்ல' என்று இருப்பது வேடிக்கை. அதை இங்கிலீசில் பொடி எழுத்தில் போட்டிருப்பதால் படிக்க தெரியாதவர்கள் கண்ணில் படுவதே இல்லை. வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் டப்பாவின் பின்பக்கத்தை படித்துக் காட்டச் சொல்லலாம்.

என்ன செய்ய வேண்டும்?

ரத்த உறைவு தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியவை:-

* சத்து மாத்திரை, நாட்டு மருந்து, எண்ணெய், கேப்ஸ்யூல் எதுவாக இருந்தாலும் வாங்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

* அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரை டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். வாயால் சொன்னால் ஒன்றிரண்டு விட்டுப்போகும்.

* மெடிக்கல் ஷாப்பில் வாய் திறந்ததும் முதல் வார்த்தையாக 'நான் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறேன்' என்று சொல்ல வேண்டும்.

* ஏற்கனவே சத்து மாத்திரை சாப்பிட்டு வந்தால் பயந்து போய் திடீரென நிறுத்த வேண்டாம். உடனே டாக்டரிடம் சொல்லி பி.டி. பரிசோதனை செய்ய வேண்டும். நிறுத்தினாலும் எண் மாறும். அதனால் நிறுத்திய 1, 2 வாரத்தில் மறுபடி பரிசோதனை தேவை.

* டாக்டர் சரி என்று சொல்லி புதிதாக ஆரம்பித்தாலும் அடுத்த 1, 2 வாரத்தில் பி.டி. பார்க்க வேண்டும். அளவை கூட்டினாலும் அப்படியே.

* பல் பிடுங்க போனாலும், ஆபரேஷனுக்கு போனாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

* எக்காரணம் கொண்டும் வால்வு மாத்திரையை நீங்களாக நிறுத்தக்கூடாது. நிறுத்த வேண்டியது சத்து மாத்திரைதானே தவிர, உயிர் மாத்திரை அல்ல.

* கடைசியாக பார்த்த ஐ.என்.ஆர். எண்ணையும், தேதியையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும்.

ஆபத்து அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் 'நாளைக்கு பார்க்கலாம்' என்று தள்ளிப்போடக் கூடாது:-

* மலம் தார் போல கருப்பாக போவது, ரத்தமாக போவது

* சிறுநீர் சிவப்பாகவோ, கருஞ்சிவப்பாகவோ போவது

* மூக்கில் ரத்தம் வந்து 10 நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காதது, பல் ஈறில் தொடர்ந்து கசிவது

* அடிபடாமலே உடம்பில் கருநீல தழும்புகள் தோன்றுவது

* திடீரென கடுமையான தலைவலி, வாந்தி, ஒரு பக்க கை, கால் விழுவது, பேச்சு குழறுவது

* கீழே விழுந்து தலையில் அடிபடுவது. வெளியில் காயம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும்.

* முட்டி திடீரென வீங்கி, சூடாகி, வலி கூடுவது

கடைசி அறிகுறியை முட்டி வலிக்காரர்கள் முக்கியமாக கவனிக்க வேண்டும். அது பழைய தேய்மான வலி அல்ல, மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அதற்கு மேலும் ஒரு வலி மாத்திரை போட்டால் கசிவு கூடத்தான் செய்யும்.

இப்படி ஏதாவது நேர்ந்தால் 108-க்கு போன் செய்து அருகில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். போனதும் எந்த உறைவு தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை சொல்ல வேண்டும். ஐ.என்.ஆர். ஏறியிருந்தால் அதை இறக்க வைட்டமின் கே மருந்தும், ரத்த பிளாஸ்மாவும் இருக்கின்றன. நேரத்தோடு போனால் காப்பாற்றி விடலாம்.

மாத்திரையால் பக்கவிளைவு ஏற்பட்டால் பொதுமக்களே புகார் செய்ய மத்திய அரசின் இலவச போன் எண் 1800 180 3024 இருக்கிறது. சத்து மாத்திரையால் ஏற்பட்ட பாதிப்பையும் அதில் சொல்லலாம். வெளிநாடுகளில் குளுக்கோசமைன் விவகாரம் வெளியே வந்ததே இப்படி ஒவ்வொருவராக தெரிவித்த புகார்களால்தான்.

முட்டி வலி ஆளை முடக்கும். ஆனால் நாள் கணக்கில் பொறுத்துக்கொண்டு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வரலாம். ஐ.என்.ஆர். தவறினால் அந்த அவகாசம் கிடைக்காது. 'இதையும் சாப்பிடுறேன் டாக்டர்' என்று சொல்லும் அந்த ஒரு வார்த்தைக்கு காசு செலவு கிடையாது.